நிவாரண நிழல்

எந்தக் காலத்திலும் நின்றிராத மரங்களின் நிழல், புயல் நிவாரணப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய மறுநாள் காலையில், கொன்றைவிடுதிக் கொல்லைகளில் வந்து விழுந்து கிடந்தது. முதலில் பார்த்தவர் டீக்கடை ராயப்பன். கடை திறக்குமுன் தன் கடலைக் கொல்லைப் பக்கம் ஒதுங்கப் போனவர், மண்ணில் வரிசையாகத் தென்னை நிழல்கள் நீட்டிப் படுத்திருப்பதைப் பார்த்தார், மேலே பார்த்தார், வானம்தான் இருந்தது, மறுபடி கீழே பார்த்தார், மட்டையும் பாளையும் குலையுமாக நிழல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது, வந்த வேலையை வேறு பக்கம் போய் முடித்துக்கொண்டு கடைக்குத் திரும்பிப் பாய்லரில் கரி போட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு டீ குடிக்க வந்தவர்களில் ஒருத்தர்கூட இன்னொருத்தர் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கார்த்திகையில் அடித்த புயல் ஊரின் பாதி மரத்தைச் சாய்த்தது உண்மை, ஓட்டைப் பிடுங்கியது உண்மை, ஒட்டுக்கன்று வளர்த்து விற்றே பிழைக்கிற அந்த ஊரில் நாற்றங்கால்களுக்கு மேலே நிழலுக்காகக் கட்டியிருந்த பச்சை வலைகளைக் கிழித்துக் கடல் பக்கம் கொண்டுபோனதும் உண்மை. அந்த உண்மைகளோடு ஊர் நின்றிருக்கலாம். ஆனால் அரசாங்கம் மரத்துக்கு இவ்வளவு, கன்றுக்கு இவ்வளவு என்று அறிவித்துக் கணக்கெடுக்க ஆளை அனுப்பியபோது, விழுந்த மரத்தோடு சேர்த்து, பாட்டன் காலத்தில் வெட்டி விற்ற மரத்தையும், அடுத்த வருஷம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த மரத்தையும் ஊர்க்காரர்கள் கணக்கில் சொன்னார்கள். கன்றுகள் கதை இன்னும் விசேஷம். செத்த கன்றுகள் குட்டியானை வண்டியில் ஏறி ஒரு நாற்றங்காலிலிருந்து அடுத்த நாற்றங்காலுக்குப் போய், அங்கேயும் ஒருமுறை செத்துக் கிடந்து, எண்ணப்பட்டு, அதற்கடுத்த நாற்றங்காலுக்குப் புறப்பட்டன. வண்டிக்காரன் மட்டும்தான் அந்த வாரத்தில் நேர்மையாகச் சம்பாதித்தான்.

நிழல் வந்த முதல் வாரம் எல்லோரும் அதை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். இரண்டாம் வாரம் ஆடுகள் போய்ப் படுத்தன. மூன்றாம் வாரம் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அதில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள், காற்று நன்றாக வருகிறது என்று சொல்லிக்கொண்டார்கள், எந்த மரத்திலிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. மாலையில் ஒருத்தர் கொல்லை நிழல் வரப்பைத் தாண்டி அடுத்தவர் மிளகாய்க் களத்தில் விழுந்து மிளகாய் காயாமல் போனபோது பஞ்சாயத்துக் கூடியது. விழுகிற நிழலுக்கு எவரும் எவரிடமும் காசு கேட்கக் கூடாது, நிழல் ஏன் விழுகிறது என்றும் கேட்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. இரண்டாவது தீர்ப்பைத்தான் எல்லோரும் பலமாகத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். கடலை மட்டும் நிழலில் சரியாகக் காய்க்கவில்லை, அதைப் பற்றி வாய் திறக்க முடியாமல் முணுமுணுத்தார்கள்.

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதை ராயப்பன்தான் காட்டினார். மாசி மாதத்தில் ஒருநாள் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த கோபத்தில், கடையில் நாலு பேர் முன்னால், "என் கொல்லையில ஏதுய்யா அத்தனை தென்னை? பத்து மரம் நின்னுச்சு, பத்தும் விழுந்துச்சு. மிச்சம் பூராம் நான் அடிச்சு விட்டது" என்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்த கையோடு அவர் கொல்லையில் கிடந்த தென்னை நிழல்கள் மண்ணை விட்டு நழுவி, வரப்பேறி, வாய்க்கால் பாலத்தைக் கடந்து, தார்ச்சாலை வழியே கடைக்கு வந்து, ஒன்றாய்ச் சேர்ந்து அவர் குதிகாலில் ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து ராயப்பன் போகிற இடமெல்லாம் பின்னால் ஒரு நெட்டைத் தென்னையின் நிழல் போனது. பஸ்ஸில் ஏறினால் பின்சீட்டுவரை இருட்டியது, கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடலாமா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டார். கடைக்கு முன்னால் குளுமையாக இருந்ததால் வியாபாரம் கூடத்தான் செய்தது. ஆனாலும் அதைப் பார்த்தபிறகு ஊரில் வேறு யாரும் உண்மை பேசவில்லை.

இந்த ஊரில் சிவக்கொழுந்து என்று ஒருத்தர். கெட்டவர் என்று சொல்ல முடியாது, சொன்னால் ஊரே சண்டைக்கு வரும். ஊருக்கு மேற்கே கிணற்றோடு அவருக்கு ஒரு கொல்லை இருந்தது, அதைப் பவளக்கொடி என்கிற பெண்ணுக்குக் குத்தகைக்கு விட்டிருந்தார். அவள் பலா ஒட்டுக் கட்டுவதில் கைராசிக்காரி; அவள் கட்டிய ஒட்டு நூற்றுக்குத் தொண்ணூறு பிடிக்கும் என்று தூரத்திலிருந்தெல்லாம் வந்து வாங்குவார்கள். புயலில் அவள் நாற்றங்கால் மொத்தமும் தண்ணீரில் மூழ்கி அழுகிப் போயிற்று. கணக்கெடுக்க வந்த அன்று அவள் கூரை போன வீட்டுக்காரர்களோடு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தாள், கொல்லையில் சிவக்கொழுந்துதான் நின்றார்.

"இது யாரு நாத்தங்காலு?" என்று வந்தவர் கேட்டார். "குத்தகைன்னா சொல்லாதீங்க, குடுக்க வழியில்ல. பட்டா யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான்."

"நம்மளுதுதான் சார்" என்றார் சிவக்கொழுந்து.

அந்த நிமிஷத்தில் அவர் நினைத்தது நல்லதைத்தான். இல்லை என்று சொன்னால் யாருக்கும் இல்லாமல் போகும், நம் பேரில் வந்தால் வாங்கி அந்தப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் ஒரு பொய் வழுக்கிக்கொண்டு வெளியே போனதும் அதன் பின்னாலேயே இன்னொன்று நின்றது. "சுத்தி வரப்புல பலா மரம் நின்னுச்சு சார், அதுவும் பூராம் போச்சு" என்றார். வரப்பில் எருக்கஞ்செடிதான் நின்றது. அவருக்குப் பின்னால் தங்கள் முறைக்காகக் காத்திருந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டார்கள், கேட்டுவிட்டுத் தங்கள் கொல்லையில் என்ன சொல்லலாம் என்று யோசிக்கப் போனார்கள்.

பணம் தையில் வந்தது. வந்த வாரம் கிணற்று மோட்டார் எரிந்து போனது, புது மோட்டார் வாங்கினார், அடுத்த மாதம் எடுத்து வைக்கலாம் என்றார். அவர் மனைவி மாரிக்கண்ணு, "அந்தப் புள்ளைக்கு உள்ளத ஒதுக்கிட்டீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "மோட்டாரு ஓடுனா அவ கன்னுக்குந்தானே தண்ணி" என்றார். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, அதற்குப் பதிலாக அவருக்குச் சோறு போட்டுவிட்டு இன்னும் வேண்டுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

பவளக்கொடியிடம், "உனக்கு வரலையாம், நான் போயிக் கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுச் சிவக்கொழுந்து தாலுகா ஆபீசுக்குப் பஸ் ஏறினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, வடை தின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். இப்படி நாலைந்து முறை போய் வந்தார். பசியில்லை, ஆனாலும் தின்றார், ஏதாவது ஒன்று செய்துவிட்டு வந்ததாக இருக்கவேண்டுமே என்று. திரும்பி வந்து முகம் வாடி நின்றவரைப் பார்த்து அவள்தான் ஆறுதல் சொன்னாள். "விடுங்கண்ணே. வராததுக்கு நீங்க என்ன செய்வீங்க. செருப்புத் தேஞ்சதுதான் மிச்சம்." அவள் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான், வா வா என்று போன் போட்டுக்கொண்டிருந்தான். ஆடிவரை பார்க்கிறேன், ஆடியில் கன்று விற்றால் இங்கேயே இருப்போம், விற்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு வலை வாங்கக் கையில் எதுவும் இல்லை. நிழல் இல்லாமல் ஒட்டுப் பிடிக்காது. அப்போதுதான் கிணற்றுக் கொல்லையில் கிடந்த பலா நிழல்களை அவள் பார்த்தாள். எருக்கஞ்செடி வரப்பிலிருந்து கிளம்பிக் கொல்லை முழுக்க அடர்த்தியாக, ஈரச் சாக்கு விரித்தமாதிரி கறுத்துக் கிடந்தன.

"அண்ணே, இந்த நெழல்ல கன்னுப் பை அடுக்கிக்கவா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். "கவருமெண்ட மரக் கணக்குல ஏமாத்தாதவுக யாரு இந்த ஊர்ல. நமக்கு நெழலு கெடச்சா சரி."

"அடுக்கிக்க புள்ள" என்றார். மரம் அவருடைய பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, அதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. கன்றுப் பணம் வந்ததுதான் தெரியாது. ஊருக்கே தெரிந்திருந்தது, அவளுக்குத்தான் தெரியாது.

பங்குனியில் அவள் கட்டிய ஒட்டுகள் அந்த நிழலில் பிடித்தமாதிரி வேறெங்கும் பிடித்ததில்லை. பொய் நிழலுக்கு இலை உதிராது, காற்றில் கிளை முறியாது, பறவை உட்கார்ந்து எச்சமிடாது. அதன் கீழே கறுப்புப் பைகள் வரிசை வரிசையாய்ப் பச்சை பிடித்தன. சிவக்கொழுந்து குத்தகை வேண்டாம் என்றார். காலையில் டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மோட்டாரைப் போட்டுத் தானே தண்ணீர் கட்டினார். ஊரில் அவரைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள், அதைக் கேட்கக் கேட்க அவருக்கு உடம்பு கூசியது. படுத்தால் வடையின் ருசி நாக்கில் வந்தது. யாராவது தன்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்கமாட்டார்களா என்று ஏங்கினார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டீக்கடையில் பேச்சை எடுத்தார். "சொல்லிப்புடலாம்னு இருக்கேன்யா."

"எத?" என்றார் ஒருத்தர், எதை என்று நன்றாகத் தெரிந்தவர்.

"அந்தப் புள்ள பணத்த."

ஆளாளுக்குப் பேசினார்கள். "சொன்னா நெழலு உன் பின்னால கெளம்பிரும். ராயப்பனப் பாத்தேல்ல?" "சித்திர வெயிலு. ஒரு மத்தியானம் போதும், அம்புட்டுக் கன்னும் கருகிரும்." "பாவம்யா அந்தப் புள்ள. அவ பொழப்ப நெனச்சுப் பாத்து வாய மூடிக்கிட்டு இரு." இப்படிப் பேசிக்கொண்டதில் அவர்களுக்கே தங்கள்மேல் ஒரு திருப்தி வந்தது, ஒரு ஏழைப் பெண்ணின் கன்றுகளை ஊரே சேர்ந்து, வாயை இறுக்கி மூடி, காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. ராயப்பன் மட்டும் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்துக்கும் அது நல்ல காரணமாகத்தான் பட்டது. நல்ல காரணம் கிடைத்த பிறகும் நெஞ்சு ஏன் இப்படி அடைக்கிறது என்றுதான் புரியவில்லை.

அந்தப் பக்கத்தில் நாற்றங்கால்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குத்தகைக் கொல்லையில் முதலில் கொழுந்து விட்ட ஒட்டுக்கன்றை விற்கமாட்டார்கள், மஞ்சள் நூல் கட்டி நிலத்துக்காரர் கையில் கொடுப்பார்கள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, கீழே வைக்காமல், அப்படியே குழியில் இறக்கவேண்டும். நடுவதற்குமுன் மண்ணில் வைத்துவிட்டால் மற்ற கன்றுகளும் பிழைக்காது என்று நம்பிக்கை. சித்திரை பாதியில், வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், பவளக்கொடி கிணற்றடியில் குழி வெட்டி வைத்துவிட்டு, நூல் கட்டிய கன்றோடு அவரைக் கூப்பிட்டாள்.

"வாங்கிக்கங்கண்ணே."

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பை ஈரமாக இருந்தது. கொழுந்து இரண்டு இலை விட்டு மினுமினுத்தது.

"அவுககிட்ட நேத்துப் போன்ல சொன்னேன்" என்றாள் அவள். "நமக்குப் பணம் வரலேன்னா என்ன, எனக்காக ஆபீசு ஆபீசா நடக்க ஒரு ஆளு இருக்காருன்னு சொன்னேன். கூடப் பொறந்தவன் இதச் செய்வானான்னேன். வைங்கண்ணே, குழியில எறக்குங்க."

அவரால் குனிய முடியவில்லை. நட்டால் அது மரமாகும், காய்க்கும், ஒவ்வொரு காயும் அவரைப் பார்க்கும். கீழே வைக்கவும் முடியாது. கையில் கன்றை வைத்துக்கொண்டு அப்படியே நின்றவருக்கு, ஊர் சொன்னது, வெயில், ஆடி மாதம் எதுவும் நினைவில் இல்லை, இந்த ஈரப் பையின் கனத்தைக் கையிலிருந்து இறக்கவேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

"உன் பணம் வந்துருச்சு புள்ள" என்றார். "தையிலேயே வந்துருச்சு. என் நாத்தங்காலுன்னு நாந்தான் சொன்னேன். மோட்டாரு வாங்கிட்டேன். ஆபீசுக்கும் போகல. பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு வந்தேன். இந்த வரப்புல ஒத்தப் பலா நின்னதில்ல."

சொல்லும்போதே நெஞ்சு திறந்துகொண்டதுபோல் இருந்தது, மாதக்கணக்கில் வராத மூச்சு வந்தது. அந்த மூச்சை அவர் முழுதாக இழுத்து முடிப்பதற்குள், கொல்லை முழுக்கக் கிடந்த பலா நிழல்கள் கன்றுகளின் மேலிருந்து எழுந்து, பைகளுக்கிடையே நழுவி, கிணற்றடிக்கு வந்து ஒன்றாய்ச் சேர்ந்து அவர் குதிகாலில் ஒட்டிக்கொண்டன. நாற்றங்காலின்மேல் வெயில் பளீரென்று விழுந்தது.

பவளக்கொடி அவரைப் பார்க்கவில்லை. கன்றுகளைத்தான் பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த கன்றை வாங்கினாள், வெறும் மண்ணில் வைத்தாள்.

"தையில சொல்லிருந்தா வலை வாங்கிருப்பேன்" என்றாள். குரல் உயரவில்லை. "ஆடி முடிஞ்சு சொல்லிருந்தா கன்ன வித்துருப்பேன். இன்னைக்கு வந்து சொல்ற. அன்னைக்கும் உன் சவுரியத்துக்குத்தான் வாய மூடுன, இன்னைக்கும் உன் சவுரியத்துக்குத்தான் தெறக்குற."

அண்ணே என்ற சொல் அதில் இல்லை. சிவக்கொழுந்துக்கு அப்போதுதான் புரிந்தது, இறக்கி வைத்தது எதுவுமில்லை என்று. "மோட்டார வித்தாவது குடுத்துர்றேன் புள்ள" என்றார்.

"அத வித்தா தண்ணிய யாரு ஊத்துறது?" என்றாள். கொழுந்துகள் ஏற்கெனவே தலையைத் தொங்கப் போட ஆரம்பித்திருந்தன. ஊரில் கிடைத்த தென்னங்கீற்றெல்லாம் கூரைக்குப் போய்விட்டது, வலை வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும், துணியை மேலே போட்டால் ஒட்டுக் கட்டிய வாய் புழுங்கிப் போகும். அவள் ஒரு நிமிஷம் அவருடைய காலடியைப் பார்த்தாள், அங்கே ஒரு பெரிய பலாவின் நிழல் கிணற்றுச் சுவர்வரை பரந்து வீணாக விழுந்திருந்தது.

"இங்கிட்டு வா" என்றாள். "இந்த வரிசைக்கு நடுவுல நில்லு. அசையாத."

அவர் போய் நின்றார். நிழல் அவரோடு வந்து கன்றுகளின்மேல் கவிந்தது. பாதிக் கொல்லைக்குத்தான் போதுமானதாக இருந்தது, மீதிப் பாதி வெயிலில் கிடந்தது.

பலா நிழல் போய்விட்டதைச் சாலையிலிருந்து முதலில் பார்த்தவரும் ராயப்பன்தான். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தார், வரப்பில் செருப்பைக் கழற்றினார். "எனக்கும் தெரியும் தாயி. சொல்லாம இருந்துட்டேன்" என்றார். அவள் மேற்கு மூலையைக் காட்டினாள். அவர் அங்கே போய் நின்றார், தென்னை நிழல் ஒல்லியாக ஒரு வரிசையை மறைத்தது. அவரைத் தேடி டீக்குக் காத்திருந்தவர்கள் வந்தார்கள், வரப்போரம் கூட்டமாக நின்றார்கள். திரும்பிப் போயிருக்கலாம். ஒருத்தர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் தெரியும். என் கொல்லையில ஏழு மரம் பொய்யி" என்றார். அவர் சொன்னதும் தெற்கே இருந்து ஏழு மா நிழல்கள் வரப்பேறி வந்தன. அதற்கப்புறம் அடுத்தவர் சொன்னார், அதற்கடுத்தவர் சொன்னார், மாரிக்கண்ணு வந்து நானும் கேட்பதை நிறுத்திவிட்டேன் என்று சொல்லி வரிசையில் நின்றாள், அவளுக்கு நிழல் எதுவும் வரவில்லை, இருந்தாலும் தன் சொந்த நிழல் விழுகிற அளவுக்கு நாலு கன்றை மறைத்துக்கொண்டு நின்றாள். நாலு திசையிலிருந்தும் நிழல்கள் சாலை கடந்து, வாய்க்கால் கடந்து, ஆடுகளை எழுப்பிவிட்டு வந்துகொண்டே இருந்தன. மத்தியானத்தில் கொன்றைவிடுதியின் பாதி ஊர் அந்தக் கொல்லையில் பையும் ஆளுமாகக் கலந்து நின்றது, தலையில் வெயில், காலடியில் கன்று.

பவளக்கொடி அவர்களுக்கிடையே குனிந்து குனிந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு போனாள். சூரியன் நகர நகர, "கெழக்க தள்ளு", "கொஞ்சம் பின்னால வா" என்று மட்டும் சொன்னாள். சிவக்கொழுந்துக்குக் கால் மரத்துப் போயிற்று, தாகமெடுத்தது, கேட்கவில்லை. கிழக்கோரத்தில் இரண்டு வரிசை கருகித்தான் போயிருந்தது; அவள் அந்தப் பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவருடைய கண்ணெதிரிலேயே தனியாக அடுக்கினாள்.

பொழுது சாய்ந்து நிழல்கள் மண்ணோடு கலந்த பிறகும் ஒருத்தரும் நகரவில்லை, அவள் சொல்லட்டும் என்று நின்றார்கள். அவள் கடைசிக் குடத்தை ஊற்றி முடித்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, மண்ணில் வைத்திருந்த மஞ்சள் நூல் கன்றை எடுத்து மற்ற கன்றுகளோடு விற்கிற வரிசையில் வைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"நாளைக்கு வெயிலு ஏறுறதுக்குள்ள வந்துரணும். ஆடி வரைக்கும்."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.